மகனை விமான விபத்து அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: உருகுவே தலைநகர் மான்டிவிடியோவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். என் 13 வயது மகன் அங்குள்ள ‘ஆண்டீஸ் 1972’ அருங்காட்சியகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறான். இறந்தவர்களின் உடலை உண்டு பிழைத்த கதை ஆயிற்றே, பயந்துவிட மாட்டானா?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் நீங்கள் தயங்கும் அந்த விஷயத்தைக் கிளம்பும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் திடுக்கிடுவதைவிட உங்கள் வாயால் கேட்பது நல்லது.

சுற்றி வளைக்க வேண்டாம். 1972 அக்டோபர் 13 அன்று ரக்பி அணியினர், நண்பர்கள், உறவினர்கள் என 45 பேருடன் சிலிக்குப் பறந்த விமானம் அது. மலையைத் தாண்டிவிட்டதாக விமானி தப்புக் கணக்குப் போட்டுச் சீக்கிரமே கீழே இறக்க, ஆண்டீஸில் மோதியது. சுமார் 3,500 மீட்டர் உயரம், சுற்றிலும் பனிதான், ஒரு புல்கூடக் கிடையாது. தேடுதல் நின்றுவிட்ட செய்தியைச் சின்ன ட்ரான்சிஸ்டரில் அவர்களே கேட்டார்கள். ‘நான் செத்தால் என் உடலை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லி வைத்திருந்தார்கள். இதையும் சொல்லுங்கள். என் அனுபவத்தில், நம்மைவிடப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிந்துவிடுகிறது.

அப்புறம், அவர்கள் கையால் செய்த பொருள்களைப் பற்றியும் பேசுங்கள். இருக்கையிலிருந்து பிய்த்த அலுமினியத் தகட்டில் பனியைப் பரப்பி, வெயிலில் உருக்கித் தண்ணீர் பிடித்தார்கள். விமானி அறையின் வெயில் மறைப்பை வெட்டிக் கூலிங்கிளாஸ் செய்தார்கள். விமானத்தின் வால் பகுதியில் கிடைத்த குளிர்காப்புத் துணியைத் தைத்து மூவர் படுக்கும் பை செய்தார்கள். தையல் வேலையைத் தொடங்கியவர் சிறு வயதில் அம்மாவிடம் கற்றுக்கொண்ட கார்லிதோஸ் பாயெஸ். அந்தப் பையோடு கிளம்பியவர்களில் பர்ராடோவும் கனேசாவும்தான் பத்து நாள் நடந்து, மாடு மேய்க்கும் ஒருவரைச் சந்தித்தார்கள். 72 நாளுக்குப் பிறகு 16 பேர் திரும்பினார்கள். இறந்தவர்கள் 29 பேர். அருங்காட்சியகம் இரு தரப்பினருக்கும்தான், சாகசத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவர விடாதீர்கள்.

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இருப்பது பழைய நகரப் பகுதியில். ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டாரமே வெறிச்சோடிக் கிடக்கும், வேலை நாளில் போங்கள். உள்ளே மலைக்குளிரை உணரவைக்கும் அறை ஒன்று உண்டு. அதற்குள் போக அவன் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள்.