தன்னந்தனியாக மூன்று பேர்

கேள்வி: 1941-இல் மலாயாவின் பட்டர்வொர்த் விமானத் தளத்திலிருந்து தன்னந்தனியாகப் பறந்துபோய் ஜப்பானியர் மீது குண்டு வீசி, உயிரையும் கொடுத்து, பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்ற விமானி ஆர்தர் ஸ்கார்ஃப் போன்ற வீரர்கள் இன்று ஏன் இல்லை?
- வாசகர், பீடோங், கெடா

பதில்: இருக்கலாம், தேடுவது என் வேலையில்லை. தன்னந்தனியாக என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அவர் ஓட்டிய பிளென்ஹைம் மூன்று பேர் ஏறும் விமானம் ஐயா!

டிசம்பர் 9. முதல் நாள்தான் ஜப்பான்காரன் தாய்லாந்துக் கரையிலுள்ள சிங்கோராவில் இறங்கியிருந்தான். ஸ்கார்ஃப் மேலே எழும்பிய கையோடு தளத்தில் குண்டு விழுந்தது. மற்ற விமானங்கள் கிளம்பவே இல்லை. அவரும் திரும்பி இறங்கியிருந்தால் ஒருவரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். போனார், குண்டு போட்டார். இடது கை சிதைந்தது, முதுகிலும் காயம். இருக்கையில் சரியாமல் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தவர்கள் கால்டர், ரிச் என்ற இருவர். அலோர் ஸ்டார் பக்கம் வயலில் விமானத்தை இறக்கினார். அந்த இருவருக்கும் காயமில்லை. அவ்வூர் ஆஸ்பத்திரியில்தான் அவர் மனைவி தாதி. ஸ்கார்ஃப் பிழைக்கவில்லை. வயது 28. போரில் ஆவணங்கள் போய்விட்டதால் பதக்கம் 1946-இல்தான் வந்தது.

அந்த மனுஷனைக் குறை சொல்லவில்லை. அவரை ஒற்றை ஆளாக்கியது கதை சொன்னவர்கள்.

நம் தோட்டங்களிலும் இதே கதைதான். 'இன்ன துரை காட்டை அழித்து ரப்பர் போட்டார்.' ஒரே துரை! விடியற்காலை அவரே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, அவரே பேர் கொடுத்து, நெரை (தன் பங்கு மர வரிசை) பிடித்து, பால் வெட்டி, பால் தூக்கி, சாயங்காலம் கள்ளுக்கடையில் உட்கார்ந்து 'இந்தத் துரை ஒழிய மாட்டானா' என்று தன்னையே திட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பியிருப்பார் போலும். கோயில் திருவிழா நோட்டீசும் அப்படித்தான்: தலைவர் படம் தேர் அளவுக்கு, பூசாரி பேர் அச்சுப்பிழையோடு. (இதைப் போன முறை எழுதியதற்கு ஒரு தலைவர் சந்தாவை நிறுத்துவதாக மிரட்டினார். நிறுத்தட்டும், பாக்கியைக் கட்டிவிட்டு.)

ஸ்கார்ஃபுக்குத் தைப்பிங் போர்க் கல்லறையில் பேர் வெட்டிய கல் உண்டு. நியாயம்தான். ஒன்றிரண்டு வருஷத்திற்குள் இதே மலாயாத் தோட்டங்களிலிருந்து, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் தமிழர்கள் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அதே ரயிலுக்கு உழைத்துச் செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல் இருக்கிறது. நம் ஆட்களைப் புதைத்த இடமே பலருக்குத் தெரியாது.

உங்கள் குடும்பத்தில் யாராவது சயாமுக்குப் போனார்களா? பேரும் தோட்டமும் எழுதி அனுப்புங்கள். வீரரா என்று கேட்க மாட்டேன். அச்சுப்பிழை இல்லாமல் போடுகிறேன்.