மாவு வேண்டாம், தோழி வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 36. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறேன். தொழிற்சாலையில் உட்கார்ந்து செய்யும் வேலை. உயரம் 156 செ.மீ. 78 கிலோ இருந்தேன், சாயங்காலம் பள்ளித் திடலில் நடந்து நடந்து 73-க்கு வந்தேன். அதன்பிறகு இரண்டு மாதமாக முள் நகரவில்லை. கூட நடப்பவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பழகிய லயத்துத் தோழி. நடந்து முடிந்ததும் ரொட்டி சானாய், தே தாரிக் என்று தினமும் மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) இழுப்பாள். மாட்டேன் என்றால், "இளைச்சதும் தலைக்கனம் வந்துருச்சு" என்கிறாள். போதாததற்கு எடை குறைக்கும் மாவு விற்க ஆரம்பித்திருக்கிறாள். மாதம் 280 வெள்ளியாம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), இரண்டு பிள்ளைகள். பேசாமல் தனியாக நடக்கலாமா?
- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அன்புத் தங்கைக்கு,

தனியாக நடக்காதீர்கள். இருட்டுகிற நேரத்தில் பேச்சுத்துணை இல்லாமல் திடலைச் சுற்றுவது ஒரு வாரம் ஓடும். அடுத்த வாரம் துணி மடிக்க வேண்டும், தலை வலிக்கிறது என்று ஏதாவது வந்து நிற்கும். குறைந்த 5 கிலோவில் அவளுக்கும் பங்கு உண்டு.

முள் நகராததற்குக் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் எடைக்கு முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 200 கலோரி செலவாகும். ஒரு ரொட்டி சானாயில் மட்டும் ஏறக்குறைய 300. அதற்குமேல் கெட்டிப்பாலும் சீனியுமாக ஒரு தே தாரிக். திடலில் இறக்கியதை மேசையில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து சோறும் சாப்பிடுகிறீர்கள்.

அதற்காக மாமாக் கடையை விட்டு ஓட வேண்டாம். அவளுக்கு வேண்டியது உங்கள் எதிரில் ஒரு நாற்காலி, ஒரு மணி நேரப் பேச்சு. போங்கள், "தே ஓ கொசோங்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். வெறும் தேநீர்தான், பால் இல்லை, சீனி இல்லை, விலையும் குறைவு. முதல் நாள் கிண்டல் செய்வாள். நாலாவது நாள் கடைக்காரரே கேட்காமல் கொண்டுவந்து வைப்பார். வெறும் வயிற்றோடு அங்கே உட்கார்ந்தால் மட்டும் தோற்றுவிடுவீர்கள். வேலை முடிந்து வந்ததும் ஓர் அவித்த முட்டையோ ஒரு கை வேகவைத்த கடலையோ சாப்பிட்டுவிட்டு நடக்கப் போங்கள். சனிக்கிழமை ஒருநாள் ரொட்டி சாப்பிடலாம், அன்றைக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். மற்ற நாள்களில் ஆளுக்கு 4 வெள்ளி மிஞ்சினாலும் மாதம் 80 வெள்ளிக்கு மேல் கையில் நிற்கும். ஒரு மாத மீன் செலவில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும்.

மாவு விஷயம்தான் உங்களை உண்மையில் உறுத்துகிறது, இல்லையா? அவள் உங்களைப் பார்க்கும்போது தோழியைப் பார்க்கிறாளா, வாடிக்கையாளரைப் பார்க்கிறாளா என்று சந்தேகம் வந்துவிட்டது. அவளுக்கும் கடன் இருக்கலாம், மேலே இருப்பவர்கள் இலக்கு கொடுத்து விரட்டலாம். ஆனால் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று மட்டும் இழுக்காதீர்கள். அப்படிச் சொன்னால் அடுத்த மாதமும் கேட்பாள், நீங்கள் மறுபடியும் ஒளிவீர்கள். நடக்கும்போது நேராகச் சொல்லுங்கள்: "எனக்கு இது கட்டுப்படியாகாதுலா. நீ கேட்டா எனக்குச் சங்கடமா இருக்கு, இனிமே கேக்காத. நாளைக்கு ஆறு மணிக்கு வந்துருவதானே?" மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். மாவு நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் போகவே வேண்டாம், அங்கே அவளிடம் பதில் தயாராக இருக்கும். பணமில்லை என்பதற்கு எதிர்வாதம் கிடையாது. நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் பாட்டி விடியுமுன் 500 மரம் வரை சுற்றி, பால் வாளியைச் சுமந்தவர். அவருக்கு அந்தக் குவித்த சோறு தேவைப்பட்டது. நாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதே தட்டைத்தான் போடுகிறோம். சுகாதார அமைச்சு "சுகு-சுகு செப்பாரோ" (கால்-கால்-பாதி) என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும். இதற்கு ஓட்ஸும் சியா விதையும் தேவையில்லை. கெம்போங் மீனைப் பொரிக்காமல் புளிக்குழம்பில் போடுங்கள். தெம்பேயை (புளித்த சோயாக் கட்டி) எண்ணெயில் முக்காமல் கல்லில் போட்டு எடுங்கள். தவ்கே (பயறு முளை), கங்கோங் கீரை இரண்டும் மலிவு. முருங்கைக்கீரைக்குக் காசே வேண்டாம், பக்கத்து வீட்டில் கேட்டால் கிளையோடு ஒடித்துக் கொடுப்பார்கள். இரவுச் சந்தைக்குக் கடை கட்டும் நேரத்தில் போனால் காய்கறியைக் குவியலாகத் தள்ளிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் இளைத்துவிடுவோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உருளைக்கிழங்குப் பிரட்டலும் அப்பளமும் பாயசமும் சைவம்தான்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை, கை ஊன்றாமல், பத்துப் பத்தாக மூன்று முறை செய்யுங்கள். ஒன்றரை லிட்டர் போத்தலில் தண்ணீர் நிரப்பினால் ஒன்றரை கிலோ எடை தயார். தோழியையும் கூப்பிடுங்கள், கூடத்தில் இரண்டு பேருக்கு இடம் இருக்கும்.

56 கிலோதான் உங்கள் உயரத்துக்கு ஆசிய அளவுகோலில் சரியான எடையின் மேல் எல்லை என்று யாராவது சொல்லி மலைக்க வைப்பார்கள். இப்போதைக்கு 70 போதும். இருந்த எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே இரத்தச் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் நல்லது, அந்த 5 சதவீதத்தை நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். அம்மாவுக்கு இனிப்பு நீர் என்பதால் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். தோழியையும் கூட்டிப் போங்கள்.

ஏற்கெனவே ஒரு டின் வாங்கிவிட்டீர்களா என்று எழுதவில்லை. வாங்கியிருந்தால், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கிளினிக்கில் டின்னைக் காட்டிக் கேளுங்கள். சரி என்று சொன்னால் காலைப் பசியாறலுக்குப் பதிலாகக் குடித்துத் தீர்த்துவிடுங்கள். பசியாறிவிட்டு மேலே அதையும் குடிக்காதீர்கள். இரண்டாவது டின் வேண்டாம்.