டிக் செனியின் ரகசியங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க முன்னாள் துணை அதிபர் டிக் செனி இறந்தபோது நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். 'யாருக்கும் கணக்குக் காட்டாமல் அதிகாரம் செய்தவர்' என்று எழுதியிருந்தீர்கள். மனதுக்குச் சங்கடமாக இருந்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஒரு நாட்டைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர் எல்லாவற்றையும் வெளியே சொல்லிக்கொண்டா இருக்க முடியும்? வேட்டையில் நண்பர்மேல் குண்டு பட்டது விபத்து. செனட்டில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதையெல்லாம் குற்றமாக எழுத வேண்டுமா? கடைசிக் காலத்தில் சொந்தக் கட்சியைப் பகைத்துக்கொண்டு டிரம்ப்பை எதிர்த்தவர் அவர். இறந்துபோன மனிதரைப் பற்றி இன்னும் கொஞ்சம் கருணையோடு எழுதியிருக்கலாம்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

கெட்ட வார்த்தை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2004 ஜூனில் செனட் அவைக்குள்ளேயே செனட்டர் பேட்ரிக் லேஹியை அச்சில் ஏற்ற முடியாத சொல்லால் திட்டினார். திட்டியபின் மனசுக்கு நன்றாக இருந்தது என்று பிறகு ஒரு பேட்டியிலும் சொன்னார். அந்த அவைக்குத் தலைவரே அவர்தான் என்பதால் அது அசிங்கம். ஆனாலும் ஒரு நாள் கோபம். அதை விட்டுவிடலாம், உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது.

செப்டம்பர் 11 பற்றிச் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தேதிகளைப் பாருங்கள். புஷ் பதவியேற்ற பத்தே நாளில், 2001 ஜனவரி கடைசியில், எரிசக்திக் கொள்கை வகுக்கும் குழு செனியின் தலைமையில் தொடங்கியது. மே மாதம் அறிக்கையும் வந்துவிட்டது. கட்டடங்கள் இடிந்தது அதற்கு நான்கு மாதம் கழித்து. அந்தக் குழு எந்தெந்த எண்ணெய், மின்சார நிறுவனங்களைச் சந்தித்தது என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு கேட்டது. செனி தர மறுத்தார். வழக்கு போட்டார்கள்; 2002 டிசம்பரில் தள்ளுபடியானது. சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும், ஜுடிஷியல் வாட்ச் என்ற வலதுசாரி அமைப்பும் ஒரே கோரிக்கையோடு நீதிமன்றம் போயின. வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பு அவை. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே நீதிபதி ஸ்காலியா செனியின் விமானத்தில் ஏறி, அவரோடு லூசியானாவில் வாத்து வேட்டைக்குப் போய்வந்தார். வழக்கிலிருந்து விலகவும் மறுத்துவிட்டார். உச்ச நீதிமன்றம் வழக்கைக் கீழே திருப்பி அனுப்ப, 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் செனிக்குச் சாதகமாக எல்லாம் முடிந்தது. குழு யார் யாரைச் சந்தித்தது என்ற பட்டியல் 2007இல்தான் ஒரு செய்தித்தாள் வழியாக மக்கள் கைக்கு வந்தது.

இதில் எந்த எதிரியிடமிருந்து எதைக் காப்பாற்றினார்? யோசித்துப் பாருங்கள். ஹாலிபர்டன் என்ற எண்ணெய்த்துறை நிறுவனத்தை ஐந்து வருடம் நடத்திவிட்டு நேராக அரசுக்கு வந்தவர் அவர். யாரோடு உட்கார்ந்து நாட்டின் எரிசக்திக் கொள்கையை எழுதினீர்கள் என்பது சாதாரணக் கேள்வி. குடிமக்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

நான் அந்தக் குறிப்பை எழுதக் காரணமாக இருந்தது இன்னொரு சம்பவம். அதைச் சரியாக விளக்காமல் விட்டது என் தவறு. அமெரிக்காவில் தேசிய ஆவணக் காப்பகத்தின்கீழ் ஒரு சிறிய அலுவலகம் உண்டு. அரசு ரகசியங்கள் ஒழுங்காகப் பாதுகாக்கப்படுகின்றனவா என்று கண்காணிப்பதுதான் அதன் வேலை. அதிபரின் ஆணைப்படி நிர்வாகத்துறையில் உள்ள எல்லா அலுவலகங்களும் வருடாவருடம் அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். எத்தனை ஆவணங்களுக்கு ரகசிய முத்திரை வைத்தோம், எத்தனையை விடுவித்தோம் என்று வெறும் எண்ணிக்கை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. 2001, 2002 ஆண்டுகளுக்குச் செனியின் அலுவலகம் அந்தக் கணக்கைக் கொடுத்தது. 2003இலிருந்து நிறுத்திக்கொண்டது. 2004இல் நேரில் ஆய்வுக்கு வந்தவர்களை உள்ளே விடவில்லை. கண்காணிப்பு அலுவலகத்தின் இயக்குநர் வில்லியம் லெனர்ட் 2006இல் கடிதங்கள் எழுதினார். பதில் இல்லை. அவர் விடாமல் அரசின் தலைமை வழக்கறிஞரிடம் முறையிட்டார். அதற்குச் செனியின் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த அலுவலகத்தையே ஒழித்துவிடலாம் என்று யோசனை சொன்னார்கள்.

அவர்கள் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். நம் குடியரசுத் துணைத் தலைவர் மாநிலங்களவையை நடத்துவதுபோல, அங்கே துணை அதிபர்தான் செனட்டின் தலைவர். ஆகவே துணை அதிபர் அலுவலகம் முழுக்க நிர்வாகத்துறையைச் சேர்ந்ததல்ல, அந்த ஆணை எங்களைக் கட்டாது என்றார்கள். எரிசக்திக் குழு வழக்கில் இதே அலுவலகம் என்ன வாதாடியது? நிர்வாகத்துறையின் ஆலோசனைகளுக்குள் நீதிமன்றமும் நாடாளுமன்றமும் தலையிடக் கூடாது என்றுதான். ஆவணம் கேட்டால் நிர்வாகம். கணக்குக் கேட்டால் செனட். இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

செய்தியாளர்களிடம் பேசுவதற்கான குறிப்புகளில்கூட 'உச்ச ரகசியமாகக் கையாளவும்' என்று அவர்களே உண்டாக்கிய ஒரு முத்திரையைக் குத்திவைத்தார்கள். நாளைக்குச் செய்தித்தாளில் வரப்போகிற விஷயத்துக்கு எதற்கு அந்த முத்திரை?

அவர் தரப்பில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது திடீரென்று வந்த பழக்கமல்ல, சுயலாபம் மட்டுமே காரணமென்றும் நான் நினைக்கவில்லை. 34 வயதில் அதிபர் ஃபோர்டின் தலைமை அலுவலராக இருந்தவர். அதிபர் நிக்சனைப் பதவி விலகவைத்த வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு நாடாளுமன்றம் அதிபரின் கைகளைக் கட்டிப்போட்டதை அருகிலிருந்து பார்த்தவர். அதிபரின் அதிகாரத்தை மீட்க வேண்டும் என்று மனதார நம்பினார், 1987இல் ஈரான்-கான்ட்ரா விசாரணையிலும் (ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவா கிளர்ச்சியாளர்களுக்குக் கொடுத்த விவகாரம்) அதையேதான் வாதிட்டார். நம்பிக்கை உண்மையானதுதான். அதனால்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

2008 மார்ச்சில் ஏபிசி தொலைக்காட்சிக்கு அவர் கொடுத்த பேட்டியை இந்தப் பதிலுக்காக மறுபடி பார்த்தேன். ஈராக் போர் தேவையில்லாதது என்று மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கர்கள் நினைக்கிறார்களே என்று மார்த்தா ராடட்ஸ் கேட்கிறார். செனி சொல்வது ஒரே வார்த்தை: "அதனால்?" அடுத்த சில நாட்களில் அங்கே இறந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை 4,000 ஆனது. இறந்த ஈராக்கியர்கள் இதைவிடப் பல மடங்கு. கருத்துக்கணிப்புக்கு ஏற்ப ஆடாத தலைவர் வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதில் சந்தேகமே இல்லை என்று 2002 ஆகஸ்டில் மேடையேறி அடித்துச் சொன்னவர் இவர். போர் முடிந்து தேடியபோது அப்படி எதுவும் கிடைக்கவில்லை. மக்களை நம்பவைத்துப் போருக்கு அழைத்துப் போனவருக்கு, அதே மக்கள் திரும்பிக் கேட்கும்போது "அதனால்?" என்று சொல்ல உரிமை கிடையாது.

டிரம்ப் விஷயத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. குடியரசுக்கு இவரைவிடப் பெரிய அச்சுறுத்தலாக யாரும் இருந்ததில்லை என்று 2022இல் மகளின் தேர்தலுக்காக வெளிப்படையாகச் சொன்னார். 2024இல் எதிர்க்கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸுக்கு வாக்களிப்பேன் என்றார். துணிச்சல்தான். ஆனால் அதிபரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று முப்பது வருடம் வாதாடியவர் அவரே. அந்த வாதம் அடுத்து வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் கைக்கும் போகும்.

அப்புறம் வேட்டை. 2006 பிப்ரவரி 11, சனிக்கிழமை மாலை, டெக்சாஸில் ஒரு பண்ணை. காடை ஒன்று எழும்ப, செனி திரும்பிச் சுடுகிறார். ஹாரி விட்டிங்டன் என்ற 78 வயது வழக்கறிஞரின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ஈயக் குண்டுகள் பாய்கின்றன. விபத்துதான், சந்தேகமில்லை. சுட்டது நான்தான் என்று நான்கு நாள் கழித்துத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கு முன்னால்? நாட்டின் துணை அதிபர் ஒருவரைச் சுட்டுவிட்ட செய்தி அன்றிரவு வெளியே வரவில்லை. மறுநாள் பண்ணைக்காரப் பெண்மணி உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்குப் போன் செய்து சொன்னபிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஒரு குண்டு இதயத்தருகே போனதால் விட்டிங்டனுக்கு லேசான மாரடைப்பும் வந்தது. ஒரு வாரத்தில் மருத்துவமனை வாசலில், காயங்களோடு நின்று அவர் பேசினார்: செனியும் அவர் குடும்பமும் இந்த வாரம் பட்ட கஷ்டத்துக்கு நானும் என் குடும்பமும் மிகவும் வருந்துகிறோம் என்று.

கருணை பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது அந்த முதியவர்மேல்தான் முதலில் வருகிறது. அவர் 2023இல், 95 வயதில் இறந்தார். சம்பவம் நடந்து நான்கு வருடம் கழித்து ஒரு பத்திரிகையாளர் அவரைச் சந்தித்தபோதும் சுமார் 30 குண்டுகள் அவர் உடலுக்குள்ளேயே இருந்தன.

அன்புடன்