கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நெடுஞ்சாலை எண்களுக்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் நல்ல தெளிவான கணக்கு. எல்லாவற்றுக்கும் செயின்ட் லாரன்ஸ் ஆறுதான் அடிப்படை. ஆற்றை ஒட்டி இணையாகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை எண், குறுக்குவாக்கில் போவதற்கு ஒற்றைப்படை. அதனால்தான் தென்கரை விரைவுச்சாலை 20, வடகரையில் 40, அமெரிக்க எல்லையிலிருந்து மொன்றியல் வழியாக வடக்கே ஏறுவது 15.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்று இலக்க விரைவுச்சாலைகள்தான். கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தாலே எந்தச் சாலையின் கிளை என்று புரிந்துவிடும். முதல் இலக்கம் இரட்டைப்படை என்றால் நெரிசலுக்குள் போகாமல் சுற்றிப்போகும் வழி, மொன்றியலுக்கு வடக்கே இருக்கும் 640 மாதிரி. ஒற்றைப்படை என்றால் ஊருக்குள் கொண்டுபோய் விடும் கிளை, மொன்றியலின் டோர்வால் விமான நிலையத்தை ஒட்டிப் போகும் 520 அப்படித்தான்.

அப்புறம் பச்சைப் பலகைச் சாலைகள், அதாவது விரைவுச்சாலை அல்லாத மாகாணச் சாலைகள். 100 வரிசை முதன்மையானவை, 200 வரிசை ஆற்றுக்குத் தெற்கே, 300 வரிசை வடக்கே. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 132 மாகாணத்தின் கிழக்கே இருக்கும் கஸ்பே தீபகற்பத்தையே வளைத்துச் சுற்றுகிறது, ஆற்றை விட்டு எவ்வளவோ தள்ளிப் போனாலும் எண் மாறாது, அங்கே ஊர்ப்பெயரைப் பார்த்துத்தான் திரும்ப வேண்டும்.