வாங்கிய ஜெர்சியெல்லாம் ஊர் மாறிப் போனால், அடுத்தது யார் பெயரில் வாங்குவது?

டல்லாஸ் பக்கத்தில் ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பெரியவன் மேவரிக்ஸ் கூடைப்பந்து அணியின் லூக்கா டான்சிச் 77 ஜெர்சி வைத்திருந்தான். ஒரே ராத்திரியில் ஆளை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். சின்னவனுக்கு அமெரிக்க ஃபுட்பால் அணியான கௌபாய்ஸின் மைக்கா பார்சன்ஸ் 11 வாங்கினோம். சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது அவரும் கிரீன் பே போய்விட்டார். என் கணவரின் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணி மார்க்கஸ் செமியன் ஜெர்சிக்கும் அதே கதி. ஒவ்வொன்றும் நூறு டாலருக்கு மேல். அடுத்த மாதம் பெரியவனுக்குப் பிறந்தநாள். ஊரை விட்டுப் போகாத ஆள் யார் என்று சொல்லுங்கள்.”

முதலில் நேரடி பதில். சின்னவனுக்கு கௌபாய்ஸ் டாக் பிரெஸ்காட் 4. பெரியவனுக்கு, ஓய்வு பெற்றுவிட்டதால் இனி எங்கும் போக முடியாத மேவரிக்ஸ் நட்சத்திரம் டிர்க் நோவிட்ஸ்கி 41, அல்லது அவன் மனம் ஆறியிருந்தால் கூப்பர் ஃப்ளாக் 32. உங்கள் கணவர் மட்டும் 2026 சீசன் முடியும்வரை பொறுத்துக்கொள்ளட்டும். ஏன் இப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை நீங்களே முடிவெடுக்கலாம்.

நம் வீடுகளில் நடக்கும் முதல் தவறு, “இவர்தான் டீமின் நட்சத்திரம், இவரை எப்படி விடுவார்கள்?” என்று நினைப்பது. ஐபிஎல்லில் ஒருவரை டிரேட் செய்ய, அதாவது வேறு அணிக்கு மாற்றிவிட, அவருடைய ஒப்புதல் வேண்டும். 2025 நவம்பரில் ஜடேஜா சென்னையிலிருந்து ராஜஸ்தானுக்குப் போனபோது நமக்கெல்லாம் வலித்தது, ஆனால் அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்க லீக்குகளில் அப்படி இல்லை. ஒப்பந்தத்தில் தடை எழுதப்படவில்லை என்றால், ஒரு ஃபோன் காலில் ஆள் வேறு ஊர்க்காரர். எனவே பார்க்க வேண்டியது ஆட்டத்தை அல்ல, ஒப்பந்தத்தை.

டான்சிச் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை, நடுநிசி நெருங்கும் நேரம். செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா ட்விட்டரில் செய்தியைப் போட்டதும், அவர் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். வயது 25, முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனவர். பதிலுக்கு வந்தது ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2029-ன் ஒரு முதல் சுற்று வாய்ப்பு, அவ்வளவுதான். அரங்கத்துக்கு வெளியே நோவிட்ஸ்கி சிலை அருகே ரசிகர்கள் சவப்பெட்டி வைத்துத் துக்கம் கொண்டாடினார்கள். மேனேஜர் நிகோ ஹாரிசன் தற்காப்பு ஆட்டம்தான் கோப்பை வெல்லும் என்று காரணம் சொன்னார். அந்த ஆண்டு நவம்பரில் அவருக்கே வேலை போனது.

“தன்னை டிரேட் செய்யக் கூடாது என்று டான்சிச் முன்பே எழுதி வாங்கியிருக்கலாமே?” என்று உங்கள் மகன் கேட்பான். வாங்கியிருக்க முடியாது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் அந்த உரிமை கேட்கவே எட்டு சீசன் ஆடியிருக்க வேண்டும், அதில் நான்கு அதே அணியில். அதுவும் புதிதாகப் போடும் ஒப்பந்தத்தில்தான் கேட்கலாம், இருப்பதை நீட்டிக்கும்போது சேர்க்க முடியாது. டான்சிச்சுக்கு அது ஏழாவது சீசன். அப்போது லீக் முழுவதிலும் அந்த உரிமை இருந்தது இரண்டே பேருக்கு: லெப்ரான் ஜேம்ஸ், பிராட்லி பீல்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. சொந்த அணியிலேயே இருக்கும் நட்சத்திரத்துக்கு அதிகச் சம்பளம் தர ‘சூப்பர்மேக்ஸ்’ என்று ஒரு ஏற்பாடு. வீரர் ஓடிப்போகாமல் பிடித்துவைக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கோடையில் டான்சிச் கேட்டிருக்கக்கூடிய தொகை ஐந்து ஆண்டுக்குச் சுமார் 34.5 கோடி டாலர். அவர் உடல்தகுதியில் நம்பிக்கை இல்லாத மேனேஜருக்கு அந்த எண்ணே போதும், கை நடுங்க. டிரேட் ஆனதும் அந்த உரிமை பறிபோனது. லேக்கர்ஸோடு மூன்று ஆண்டு, 16.5 கோடி டாலருக்குத்தான் கையெழுத்திட்டார். பிடித்துவைக்கக் கட்டிய கயிறே ஆளைத் தள்ளிவிட்டது என்பது என் கணிப்பு. ஆகவே என்பிஏவில் ஆறு, ஏழாவது சீசனில் இருக்கும் நட்சத்திரத்தின் ஜெர்சியை வாங்கும் முன் ஒருமுறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

ஃப்ளாக் அதற்கு நேர் எதிர்க் கட்டத்தில் இருக்கிறார். புதிதாக டிராஃப்டில் வந்தவர். முதல் ஒப்பந்தம் அணி விரும்பினால் நான்கு ஆண்டுவரை போகும்; அதன் பிறகும் வேறு அணி தரும் விலையைக் கொடுத்துத் தக்கவைக்கும் வாய்ப்பு அணிக்கு உண்டு. சம்பளமோ அவர் ஆட்டத்துக்கு மலிவு. மலிவான தங்கத்தை யாரும் விற்பதில்லை.

அவர் டல்லாஸுக்கு வந்த கதையும் சந்தேகக்காரர்களுக்குத் தீனி. முதல் ஆளைத் தேர்ந்தெடுப்பது எந்த அணி என்று முடிவுசெய்யும் டிராஃப்ட் குலுக்கலில் 1 முதல் 14 வரை எண் போட்ட பந்துகளில் நான்கை எடுப்பார்கள். 1,001 சேர்க்கைகளில் ஒன்றை விட்டுவிட்டு ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கிடுவார்கள். மேவரிக்ஸிடம் இருந்தது 18. அதாவது 1.8 சதவீதம். அது விழுந்ததும், டான்சிச்சைக் கொடுத்ததற்கு லீக் தந்த கூலி என்று ஊரே பேசியது. குலுக்கலை அணிகளின் ஆட்களும் பத்திரிகையாளர்களும் அதே அறையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். எனக்கு அந்தச் சதிக் கதையில் நம்பிக்கை இல்லை. குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

சரி, ஃபுட்பாலுக்கு வருவோம். இங்கே கணக்கு வேறு. ஒவ்வொரு அணிக்கும் சம்பள வரம்பு உண்டு. கையெழுத்துப் பணமாக 5 கோடி டாலர் கொடுத்தால், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஒரு கோடி என்று பிரித்து வரம்பில் எழுதிக்கொள்வார்கள். ஓராண்டிலேயே ஆளை அனுப்பினால் பொதுவாக மிச்சம் 4 கோடியும் மொத்தமாக வரம்பின் தலையில் விழும். ஆள் இல்லை, செலவு மட்டும் இருக்கிறது. அதனால் பெரிய ஒப்பந்தம் போட்ட முதல் இரண்டு ஆண்டுகளில் ஒருவரை அசைப்பது கடினம்.

பார்சன்ஸுக்கு அந்தப் பாரம் இல்லை. அவர் டிராஃப்டில் வந்த பழைய ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஆண்டில் இருந்தார். புதியது பேசி முடியவில்லை. முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ் ஏஜெண்டை ஒதுக்கிவிட்டு நேரே பேசி முடித்ததாகச் சொன்னார். ஏஜெண்ட் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் பார்சன்ஸ் தன்னை டிரேட் செய்யும்படி பகிரங்கமாகவே கேட்டார். 28-ம் தேதி இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளுக்கும் கென்னி கிளார்க்குக்கும் ஈடாக கிரீன் பே கூட்டிக்கொண்டு போய், நான்கு ஆண்டுக்கு 18.8 கோடி டாலர் கொடுத்தது. ஒரு மாதம் கழித்து அவர் டல்லாஸுக்கே வந்து ஆடிய போட்டி 40-40 என்று சமனில் முடிந்தது. உங்கள் சின்னவன் அன்று எந்தப் பக்கம் கத்தினான் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஆக ஃபுட்பாலில் வழி இதுதான்: பழைய ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் சம்பளப் பேச்சு இழுபறியில் இருக்கும் வீரரின் ஜெர்சியைத் தொடாதீர்கள். பிரெஸ்காட் 2024 செப்டம்பரில் 24 கோடி டாலருக்கு 2028 வரை கையெழுத்திட்டவர். டிரேட் தடையும் அதில் எழுதி வாங்கியிருக்கிறார். இதைவிட உறுதி அந்த ஊரில் கிடைக்காது. சின்னவனுக்குப் பந்து பிடிப்பவர்கள்தான் பிடிக்கும் என்றால் சீடீ லேம்பின் 88 வாங்குங்கள். டல்லாஸில் அது ட்ரூ பியர்சன், மைக்கேல் இர்வின், டெஸ் பிரையன்ட் என்று கைமாறி வந்த எண். நாளை லேம்பே போனாலும் 88-க்கு மரியாதை போகாது.

பேஸ்பாலில் வீரர் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது. டிரேட் தடையை யார் வேண்டுமானாலும் பேரம் பேசி வாங்கலாம். அதோடு ‘பத்து-ஐந்து’ என்று ஒரு விதி: பெரிய லீக்கில் பத்து ஆண்டு, கடைசி ஐந்து ஆண்டு தொடர்ந்து ஒரே அணி என்று ஆகிவிட்டால், “மாட்டேன்” என்று சொல்லும் உரிமை தானாக வந்துவிடும். உங்கள் கணவர் ஏமாந்தது இந்தக் கோட்டில்தான். செமியனுக்குப் பத்தாண்டு எப்போதோ முடிந்துவிட்டது. ரேஞ்சர்ஸில் நான்கு சீசன் முடிந்திருந்தது. இன்னும் ஒன்று ஆடியிருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் அசைத்திருக்க முடியாது. 2025 நவம்பரில் நியூயார்க் மெட்ஸுக்கு அனுப்பி, பிராண்டன் நிம்மோவைக் கொண்டுவந்தார்கள். நிம்மோவிடம் டிரேட் தடை இருந்தது. அவரே விட்டுக்கொடுத்துத்தான் வந்தார்.

தடை இல்லாவிட்டால் ஒப்பந்தத்தின் நீளம்கூடக் காப்பாற்றாது. பாஸ்டனின் ரஃபேல் டெவர்ஸ் 31.35 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டவர். எந்த இடத்தில் ஆடுவது என்று நிர்வாகத்தோடு உரசல். 2025 ஜூனில், யாங்கீஸை மூன்று ஆட்டத்திலும் வென்ற கையோடு அவரை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் கணவருக்கு நான் நினைத்திருப்பது ரேஞ்சர்ஸின் கோரி சீகர். அவர் ஒப்பந்தம் 2031 வரை. ஆனால் அவருக்கு டெக்சாஸில் ஐந்து சீசன் நிறைவது 2026 முடியும்போது. அதற்குப் பிறகு பத்து-ஐந்து உரிமை கையில் இருக்கும். அதனால்தான் பொறுக்கச் சொன்னேன்.

வாங்கும்போது இரண்டு விஷயம். சில அதிகாரபூர்வக் கடைகள், வாங்கிய குறிப்பிட்ட நாட்களுக்குள் வீரர் அணி மாறினால் ஜெர்சியை மாற்றித் தருகின்றன. பணம் கட்டும் முன் அந்த நிபந்தனையைப் படித்துவிடுங்கள். டிரேட் காலக்கெடுவுக்கு முந்தைய வாரங்களில் வாங்காதீர்கள்: என்பிஏவுக்கு அது பிப்ரவரித் தொடக்கம், பேஸ்பாலுக்கு ஜூலைக் கடைசி அல்லது ஆகஸ்ட் தொடக்கம்.

அப்புறம், அந்த 77-ஐக் கடாசிவிடாதீர்கள். 2025 ஏப்ரல் 9 அன்று டான்சிச் லேக்கர்ஸ் சட்டையில் டல்லாஸுக்குத் திரும்பி வந்தார். ஒவ்வோர் இருக்கையிலும் அவர் தாய்மொழியான ஸ்லோவேனியனில் ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று அச்சிட்ட டி-ஷர்ட் வைத்திருந்தார்கள். திரையில் அவருடைய பழைய ஆட்டங்கள் ஓட, பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய் 45 புள்ளி போட்டார். சொந்த அணி தோற்ற அந்த இரவில் அரங்கம் முழுக்க 77-தான். லேக்கர்ஸ் அடுத்து டல்லாஸ் வரும் தேதியைப் பார்த்து, பெரியவனை அதையே போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். உள்பக்கம் திருப்பிக் குளிர்ந்த தண்ணீரில் துவையுங்கள், டிரையரில் மட்டும் போடாதீர்கள், எண் உரிந்துவிடும்.