பெப்டைட் பொடி வாங்கும் முன் சோயா சக்கையை வேகவையுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். பினாங்கு சுங்கை பாக்காப் பக்கம் கம்பத்துக் கோழிகளும் கொஞ்சம் ஆடுகளும் வளர்க்கிறேன். சோயா புரதத்தைச் செரிக்க வைத்து எடுத்த ஆன்டிஆக்சிடன்ட் பெப்டைட் என்று ஒருவர் பொடி விற்கிறார். போட்டால் வெயிலில் கோழி சோராதாம், ஆட்டுக்கும் நல்லதாம். விலைதான் கையைக் கடிக்கிறது. தோஃபு போடும் இடத்தில் சோயா சக்கை சும்மாவே கிடைக்கிறது. அதிலேயே அந்தச் சத்து வருமா?

பதில்: ஆட்டுக்கு அந்தப் பொடி வேண்டவே வேண்டாம். ஆடு அசைபோடும் பிராணி. அதன் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் பெப்டைடில், அதாவது புரதத்தின் சின்னத் துண்டுகளில், பெரும்பகுதியை அம்மோனியா வரை உடைத்து, தங்கள் உடம்புப் புரதமாகக் கட்டிக்கொள்ளும். பிறகு ஆடு செரிப்பது அந்த நுண்ணுயிர்களைத்தான். காசு கொடுத்து வாங்கிய பெப்டைடுக்கும் செம்பனைப் புண்ணாக்கின் புரதத்துக்கும் அங்கே ஏறக்குறைய ஒரே கதி.

கோழி வேறு. விற்கிறவர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. சோயா புரதம் முழுசாக இருக்கும்போது அதைக் கோத்திருக்கும் மணிகளான அமினோ அமிலங்களில் பல உள்ளே மடங்கிக் கிடக்கும். நொதி வெட்டியதும் சின்னத் துண்டுகள் வெளிவரும். ஹிஸ்டிடின், டைரோசின் உள்ள சில துண்டுகள் கொழுப்பு காறிப்போவதைத் தடுக்கும். ஆன்டிஆக்சிடன்ட் என்பது இதைத்தான். 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பீட்டா-கான்கிளைசினின் என்ற சோயா புரதத்திலிருந்து ஐந்தே அமினோ அமிலம் கோத்த அப்படிப்பட்ட துண்டு ஒன்றைப் பிரித்தே காட்டினார்கள். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் நடந்தது. கோழியின் குடலில் அதே துண்டு மேலும் வெட்டுப்படும். குடல்சுவரைப் பெரும்பாலும் தாண்டுவது ஒன்று, இரண்டு, மூன்று அமினோ அமிலத் துண்டுகள்தான்.

அது மட்டுமில்லை. கோழியின் செரிமான நொதிகளான பெப்சினும் டிரிப்சினும் நாள் முழுக்கச் செய்வதே இந்த வெட்டு வேலைதான். நல்ல புரதம் போய்ச் சேர்ந்தால் பெப்டைட் அங்கேயே தயாராகும். அந்த வேலை தடைபடாமல் பார்ப்பதுதான் உங்கள் பொறுப்பு.

இங்கேதான் சக்கையில் ஒரு சிக்கல். தோஃபு போடுகிறவரிடம், பாலை வடிகட்டிய பிறகு காய்ச்சுகிறாரா, காய்ச்சிய பிறகு வடிகட்டுகிறாரா என்று கேளுங்கள். சீனர் முறையில் பெரும்பாலும் பச்சையாகவே அரைத்து வடிப்பார்கள். பால் மட்டும் அடுப்புக்குப் போகும், சக்கை பச்சையாகவே தங்கிவிடும். பச்சை சோயாவில் டிரிப்சினை முடக்கும் பொருள் இருக்கிறது. அதை அப்படியே தின்ற கோழிக்குக் கணையம் வீங்கும், வளர்ச்சி குறையும், எவ்வளவு தின்றாலும் உடம்பு ஏறாது. தண்ணீர் விட்டு, கொதி வந்த பிறகு அரை மணி நேரம் வேகவையுங்கள். கருகும்வரை வறுக்க வேண்டாம். அப்போது லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு கோழிக்குக் கிடைக்காமல் போகும்.

இன்னும் ஒரு படி போக விருப்பமா? வெந்த சக்கையை நன்றாகப் பிழிந்து ஆறவிட்டு, தெம்பே போடும் ராகிப் பொடியை (கேழ்வரகு இல்லை, சோயாவைப் புளிக்க வைக்கும் பூஞ்சைப் பொடி) தூவி, துளையிட்ட பையில் கட்டி வையுங்கள். இந்தோனேசியாவில் தோஃபு சக்கையிலேயே தெம்பே போட்டு மனிதர்களே சாப்பிடுகிறார்கள். நம் ஊர்ச் சூட்டில் ஒன்றிரண்டு நாளில் வெள்ளைப் பூஞ்சை மெத்தைபோல் படரும். அந்தப் பூஞ்சையே புரதத்தைத் துண்டு போடுகிறது, அதாவது பொடிக்காரர் விற்கும் மாதிரிச் சரக்கு உங்கள் பையிலேயே உருவாகிறது. வழவழப்போ, இளஞ்சிவப்போ, மஞ்சள் கலந்த பச்சையோ தெரிந்தால் கோழிக்கு மட்டுமல்ல, ஆட்டுக்கும் போடாதீர்கள். ஈரச் சக்கையை ஒரு நாளுக்கு மேல் வெளியே வைக்கவும் கூடாது.

சக்கையில் நார்ச்சத்து அதிகம். காய்ந்த கணக்கில் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் தொடங்குங்கள்.

வெயிலுக்கு முதல் மருந்து நிழல், காற்றோட்டம், குளிர்ந்த தண்ணீர். தீவனத்தைக் காலையிலும் சாயங்காலமும் போட்டு நடுப்பகலில் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகும் கோழி வாயைத் திறந்து இளைத்தால், தண்ணீரில் வைட்டமின் சி கலந்து கொடுக்கலாம், பொடியைவிட மலிவு.

பொடிக்காரர் மறுபடி வந்தால், கோழிக்கே போட்டுப் பார்த்த சோதனை முடிவையும், கிலோ தீவனத்துக்கு எத்தனை கிராம் என்ற அளவையும் கேளுங்கள். காட்டினால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.