ப்ரிவியூல பாராட்டிட்டு ரிவ்யூல கழுவி ஊத்துனது ஏன்? – கடிதம்

அண்ணே வணக்கம்,

திருமங்கலத்துல இருந்து எழுதுறேன். உங்க போர்டு கேம் கட்டுரைகள ரொம்ப நாளா படிச்சுட்டு வர்றேன். போன வருசம் அந்தப் பூ மார்க்கெட் ஏல கேமுக்கு நீங்க எழுதுன ப்ரிவியூவப் படிச்சுட்டுத்தான் நானும் தங்கச்சியும் சேந்து காசு போட்டு க்ரவுட்ஃபண்டிங்ல, அதான் கேம் தயாராகுறதுக்கு முன்னாடியே காசு கட்டி வைக்கிறதுல, வாங்குனோம். பெட்டி வீட்டுக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகல, அதே கேம ரிவ்யூல கழுவி ஊத்திட்டீங்க. கோவமாத்தான் இருக்கு. அப்ப நல்லா இருந்தது இப்ப எப்படிண்ணே கெட்டுப்போச்சு? அப்புறம், மதுரைக்காரப் பையன் ஒருத்தன் நம்ம மல்லிப்பூவ வச்சு ஒரு கேம் பண்ணிருக்கான், கொஞ்சம் பாத்து எழுதிருக்கலாம்ல? ப்ரிவியூக்கு அவங்ககிட்ட காசு வாங்குனீங்களான்னு தங்கச்சி கேக்கச் சொன்னா, கேட்டுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. கடைசியா ஒண்ணு, மூவாயிரத்துக்கு மேல போட்ட பெட்டி அலமாரில கெடக்கு, இத என்ன செய்ய?

---

தம்பிக்கு,

தங்கச்சி கேட்டதுல இருந்தே ஆரம்பிக்கிறேன், இருக்குறதுலயே உருப்படியான கேள்வி அதான். காசு வாங்கல. ப்ரோட்டோடைப், அதாவது அச்சடிக்கிறதுக்கு முன்னாடி செஞ்ச மாதிரிப் பெட்டி, கொரியர்ல வந்துச்சு, ஆடி முடிச்சுட்டு அடுத்து எழுதுறவருக்கு பார்சல் கட்டி அனுப்பிவிட்டேன், கொரியர் செலவும் என்னோடதுதான். ஆனா க்ரவுட்ஃபண்டிங் கேமுக்கு காசு வாங்கிட்டு ப்ரிவியூ பண்றது ஒண்ணும் புதுசு இல்ல, முக்கியமா வீடியோ போடுறவங்க நெறையப் பேரு பண்றாங்க. வாங்குனேன்னு மொதல்லயே சொல்லிட்டா எனக்குப் பிரச்சன இல்ல, விளம்பரம்னு தெரிஞ்சே பாத்துட்டுப் போவோம். சொல்லாம பண்றவங்கள நம்பாதீங்க. காசு வாங்காதவனும் முழுச் சுத்தம்னு நெனைக்காதீங்க, ஊருல எவனுக்கும் கெடைக்காதது நம்ம கைக்கு வந்துருச்சுங்குற கெத்து இருக்கு பாருங்க, அது காசவிட நல்லா வேல பாக்கும்.

சரி, மொதக் கேள்வி. அந்த ப்ரிவியூவ இன்னொரு தடவ எடுத்துப் படிங்க. ஏலம் பிரமாதமா இருக்குன்னு சொல்லிருக்கேன், அதே பத்தியிலயே ரூல் இன்னும் முடிவாகல, நாலு பேரோட மட்டும்தான் ஆடிப் பாத்தேன், ரெண்டு பேருக்கு எப்படின்னு தெரியாதுன்னும் சொல்லிருக்கேன். வாங்குங்கன்னு எங்கயும் சொல்லல. ப்ரிவியூங்குறது அம்புட்டுதான் தம்பி, செஞ்சு முடிக்காத ஒரு பொருள எட்டிப் பாத்துட்டு வந்து, உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றது. ஆடுறவங்களுக்கு என்ன வேல, எந்த எடத்துல டேபிள்ல சத்தம் வருது, எது இன்னும் ரெடியாகல, இது மூணும் இருந்தாப் போதும். தீர்ப்பு சொல்ற வேல ரிவ்யூவுக்கு. அது பெட்டியப் பிரிச்சு, அச்சடிச்ச ரூல் புக்க வச்சு, வேற வேற ஆளுகளோட பல தடவ ஆடுன பெறகு எழுதுறது.

ஆனா உங்க கேள்விக்கு இது மட்டும் பதில் இல்ல, நெசமாவே ஒண்ணு கெட்டுத்தான் போச்சு. ப்ரோட்டோடைப்புல நாம எல்லாரும் கமிஷன் கடைக்காரங்க, அவங்கவங்க முறை வர்றப்ப மல்லி, பிச்சி, கனகாம்பரம்னு ஒரு மூட்டைய ஏலத்துல விடணும், எடுத்தவரு குடுக்குற காசு விட்டவரு கைக்குப் போகும். உங்க பெட்டில இருக்குற ரூல்ல அந்தக் காசு பேங்குக்குப் போகுது, விட்டவருக்கு எப்பவும் ஒரே அளவு கமிஷன் டோக்கன். ஆட்டம் ரொம்ப நீளுது, புதுசா ஆடுறவங்க பின்தங்கிப் போறாங்கன்னு யாரோ சொல்லிருப்பாங்க, அதான் மாத்திருக்காங்க போல. பாக்குறதுக்கு ஒரே ஒரு வரிதான். ஆனா அந்த ஒரு வரில ஏலத்தோட உசுரே போயிருச்சு, ஏன்னா வெல ஏறுனா விக்கிறவனுக்கு ஒரு லாபமும் இல்ல, வெலய எறக்க வாங்குறவனுக்கும் தனியா ஒரு தந்திரம் தேவையில்ல.

ரைனர் க்னிட்சியாங்குற ஜெர்மன் கேம் டிசைனர் 1992ல பண்ண மாடர்ன் ஆர்ட்னு ஒரு ஏல கேம் இருக்கு, இத்தன வருசம் ஆகியும் ஏல கேம்னாலே அத இழுக்காம பேச முடியல. ஓவியங்கள ஏலம் விடுற கேம். நான் விக்கிற ஓவியத்த நீங்க எடுத்தா காசு எனக்கு, நானே எடுத்துக்கிட்டா பேங்குக்கு. கடைசில யாருட்ட காசு ஜாஸ்தியோ அவருதான் ஜெயிச்சவரு. அப்ப நீங்க குடுக்குற ஒவ்வொரு காசும் எதுத்தாப்ல உக்காந்துருக்குற எதிரிக்குப் போகுது, அதனால இது எவ்வளவு பெறும்ங்குற கேள்வியோட, இவனுக்கு எவ்வளவு குடுக்கலாம்ங்குற கேள்வியும் சேந்தே வரும். போதாததுக்கு ஒவ்வொரு ரவுண்டுலயும் அதிகமா வித்த ஓவியருக்குத்தான் மதிப்பு, மொத எடத்துக்கு 30, அடுத்து 20, அடுத்து 10, அந்த மதிப்பையும் நாமளே வித்து வாங்கித்தான் உருவாக்குறோம். நம்ம பூ கேமோட ப்ரோட்டோடைப்புல இதோட வாசம் கொஞ்சம் அடிச்சுச்சு, அதத்தான் நான் பாராட்டுனேன்.

பூ கேமோட ப்ரோட்டோடைப், அச்சடிச்ச பெட்டி ரெண்டையும் ஒரே ஆளுகளோடயும் ஆடிப் பாத்தேன். எங்க செட்டுல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு கடைல கணக்கு எழுதுற அண்ணன் ஒருத்தர் வருவாரு. ப்ரோட்டோடைப் ஆடுனப்ப முகூர்த்தக் கார்டு வந்து விழுந்த ஒடனே அவரு கடைசி மல்லி மூட்டைய கைய வச்சு மறச்சுக்கிட்டு, எங்க மதினியப் பாத்து "என்னத்தா, கேளு, கேளு"ன்னு ஏத்திவிட்டாரு பாருங்க, மதினி கோவத்துலயே கையில இருந்த பூரா காசையும் வச்சுட்டாங்க. அச்சடிச்ச பெட்டிய ஆடுனப்ப அதே முகூர்த்தக் கார்டு, அதே மல்லி, அவரு ஒரு வார்த்த பேசல. மூட்டைய நடுவுல தள்ளிவிட்டுட்டு ஃபோன எடுத்து நோண்ட ஆரம்பிச்சுட்டாரு. அவரு முறை வர்றப்பல்லாம் தோளத் தட்டிக் கூப்புட வேண்டியிருந்துச்சு. ரிவ்யூல நான் கார்டு தரம், படம், கணக்குன்னு ஆயிரம் எழுதலாம், இத எழுதாட்டி அது ரிவ்யூவே இல்ல. பல பேரு ரூல் புக்க முக்கால் பக்கம் வாசிச்சுக் காட்டிட்டு கடைசில "குடும்பத்தோட ஆடலாம்"னு முடிச்சுடுறாங்க. எந்தக் குடும்பம்ப்பா?

ஒரு தடவ ஆடிட்டு எழுதுறதும் இதே மாதிரி ஆபத்துதான். ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கங்க. மூணு புலி, பதினஞ்சு ஆடு. மொத தடவ ஆடு வச்சு ஆடுறவன் வெட்டு வாங்கியே சாவான், ஆடு எல்லாத்தையும் எறக்கி முடிக்கிற வரைக்கும் எறக்குனத நகத்தவும் முடியாது. அப்பவே ஒருத்தன் ரிவ்யூ எழுதுனா "பேலன்ஸ் இல்லாத கேம், புலி எடுத்தவனுக்கே ஜெயம்"னு எழுதுவான். ஓரத்துல இருந்து அணைகட்டி, ஒரு ஆட்டுக்குப் பின்னாடி இன்னொரு ஆட்ட நிறுத்தி புலி தாவுறதுக்கு எடம் இல்லாம பண்ணத் தெரிஞ்ச கெழவி ஒருத்திகிட்ட மாட்டுனாத்தான் அவனுக்குத் தெரியும், புலி பாவம்னு. அதான் பூ கேமயும் நல்லா ஆடத் தெரிஞ்சவங்களோட, வேற வேற எண்ணிக்கைல ஆடிப்புட்டு எழுதுனேன். நல்லா ஆட ஆட அது இன்னும் சவசவன்னுதான் ஆச்சு.

அடுத்து நம்ம ஊருப் பையன் விசயம். அந்தக் கேம்ல எனக்குப் புடிச்சத நான் மறைக்கல தம்பி. விக்காத பூ ரவுண்டு முடிவுல வாடிப்போகுதுங்குற ரூல் அழகு, அதுல ஒரு அவசரம் இருக்கு. படம் எல்லாம் பாத்துக்கிட்டே இருக்கலாம். ஆனா அதத் தவிர்த்துட்டுப் பாத்தா, மல்லிய எடுத்துட்டு தக்காளியப் போட்டாலும் ஒண்ணும் மாறாது, சொல்லப்போனா தக்காளியும் அழுகத்தான் செய்யும். பெட்டி ஓரத்துல மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கெடச்ச கதை, கேம்பெய்ன்ல கீழடி தாயக்கட்டை படம், இதெல்லாம் பெருமதான், எனக்கும் பெருமதான். அதுக்காக ரூல்ல இருக்குற ஓட்டை அடஞ்சுறாது. நான் ஊர்ப்பாசத்துல நல்லா இருக்குன்னு எழுதிவச்சா, மூவாயிரம் போட்ட உங்கள மாதிரி ஆளு ஒரு தடவ ஆடிட்டு, நம்மாளுக பண்ற கேம்னாலே இப்படித்தான்னு முடிவுகட்டிருவாரு. அடுத்து இங்க இருந்து வேற யாராவது நெசமாவே நல்ல கேமோட வந்தாலும் திரும்பிப் பாக்க மாட்டாரு. நான் பாத்துப் பண்றதா இருந்தா அந்த அடுத்த ஆளுக்காகத்தான் பண்ணணும்.

ஜெர்மனில ஸ்பீல் டெஸ் யாரெஸ்னு போர்டு கேமுக்கு ஒரு விருது, 1979ல இருந்து குடுக்குறாங்க, மொத விருது டேவிட் பார்லெட்டோட ஹேர் அண்ட் டார்ட்டாய்ஸுக்கு. நடுவர்கள் விமர்சகர்கள்தான். கடைக்கு வந்த கேமத்தான் எடுத்துப் பேசுவாங்க, வரப்போறத இல்ல. அவங்க ஊருல கேம் நல்லா வர்றதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், தயவுதாட்சண்யம் பாக்காம எழுதுற ஆளுக இருக்குறதும் அதுல ஒண்ணுன்னுதான் நான் நெனைக்கிறேன்.

இப்ப அலமாரில கெடக்குற பெட்டி. விக்காதீங்க, வித்தாலும் பாதி வெல வராது. கமிஷன் டோக்கன பூராம் எடுத்து ஓரமா வச்சுருங்க. ஏலக் காசு விட்டவரு கைக்கே போகட்டும், அவரே எடுத்துக்கிட்டா மட்டும் பேங்குக்கு. ஆரம்பக் காச ரூல் புக்குல போட்டதவிட கொஞ்சம் கொறச்சுக் குடுங்க, இல்லாட்டி மொத ரவுண்டுல யாரும் யோசிக்க மாட்டாங்க. மூணு பேருக்குக் கம்மியா ஆடவே ஆடாதீங்க, நீங்களும் தங்கச்சியும் மட்டும்னா அம்மாவையும் இழுத்து உக்கார வைங்க. இத ஏன் ரிவ்யூல எழுதலன்னு கேப்பீங்க, ரிவ்யூ பெட்டிக்குள்ள இருக்குற ரூலுக்கு எழுதுனது, என் ரூலுக்கு இல்ல. ஆடிப் பாத்துட்டு எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க, முக்கியமா அம்மா என்ன சொன்னாங்கன்னு.